நீக்கிலாசிடம் வந்த துவக்கு

நீக்கிலாஸ் எந்த மேசையில் போய் உட்கார்ந்தாலும் முதலில் தலையை ஒரு பக்கம் சாய்த்து, வெளிச்சம் விழும் திசையில் அதன் மேற்பரப்பைப் பார்ப்பார். பிறகு உள்ளங்கையால் ஒரு தடவு. கலியாண மண்டபமானாலும் சரி, பல் டொக்டரின் காத்திருப்பு அறையானாலும் சரி. "உது அவசரத்திலை அடிச்சது" என்பார், யாரும் கேட்காமலே. பக்கத்தில் இருக்கும் மனைவி றோஸ்மேரி அவர் முழங்கையை மெல்ல இடிப்பார்.

கனடாவில், மார்க்கம் நகரில் சமையலறை அலமாரிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மரத்துக்குப் பூச்சு அடிப்பது அவர் வேலை. முகச்சவரம்கூடக் கண்ணாடி பார்க்காமல்தான். சொரசொரப்பு கைக்குத்தான் தெரியும் என்பது அவர் வாதம். வேலைச் சட்டையை மல்வேர்னில் இருக்கும் வீட்டின் கராஜிலேயே கழற்றிவிட வேண்டும் என்பது றோஸ்மேரியின் சட்டம். அதில் ஏறியிருக்கும் பூச்சு மணம் நீக்கிலாசுக்குத் தெரிவதே இல்லை.

அதே தொழிற்சாலையில் மரம் அறுக்கும் பகுதியில் இருந்த பத்மநாதன்தான் அவரை வேட்டைக்கு இழுத்தவர். இருவரும் ஒன்றாக வகுப்புக்குப் போய்த் துவக்கு லைசென்ஸ் எடுத்தார்கள். ஒவ்வொரு இலையுதிர் காலமும் வடக்கே காட்டுக்குப் போய், மரத்தோடு மரமாய் விறைத்திருந்துவிட்டு, பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பி வருவார்கள். "மான் எங்களைப் பாத்திட்டுப் போகுது, அதுக்கும் பொழுதுபோக வேணுந்தானே" என்று நீக்கிலாஸ் தொழிற்சாலையில் சொல்லிச் சிரிப்பார்.

பத்மநாதனின் துவக்கு நூறு வருடங்களைத் தாண்டியது. ஏலத்தில் எடுத்தது. விசைக்குக் கீழே வளையம்போல ஒரு பிடி. அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். கடந்த வசந்தத்தில் பத்மநாதன் மாரடைப்பில் போனபின், விட்பியில் இருக்கும் அவர் மனைவி புனிதவதி, "ஆரோ தெரியாத ஆளிட்டைப் போறதிலும் பாக்க நீங்களே வைச்சிருங்கோ அண்ணை" என்று, பத்திரங்களையும் மாற்றி, அதை நீக்கிலாசிடமே கொடுத்துவிட்டார்.

இரும்பைப் பற்றி அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. குழலின் கருநீலம் தேய்ந்து பழுப்பாகிவிட்டது; அதை எண்ணெய்த் துணியால் துடைத்தாலே போதும், அது அதன் வயது. குழப்பமெல்லாம் துவக்கின் மரக்கட்டையில்தான். அருமையான வால்நட் மரம். அதன்மேல் யாரோ வெளிவாசல் கதவுக்கு அடிக்கும் வார்னிஷைத் தடிப்பாகப் பூசி விட்டிருந்தார்கள். பாகு வடிந்ததுபோல அடிப்பக்கத்தில் சொட்டுகள் காய்ந்து நின்றன. தூரிகை மயிர்கூட இரண்டு உள்ளே ஒட்டிக் கிடந்தன.

அரத்தாளால் தேய்த்துப் புதிதாக்குவதா? அப்படிச் செய்தால் மரத்தின் பழைய விளிம்புகள் மழுங்கிவிடும். மருந்து தடவி வார்னிஷை மட்டும் உரித்து, எண்ணெய் தேய்ப்பதா? அதுதான் சரி என்று கைக்குத் தெரிந்தது. ஆனாலும் கோடை முழுக்கத் தள்ளிப்போட்டார். கராஜில் பூட்டிய இரும்பு அலுமாரியைத் திறப்பதும், முழங்காலில் நின்று பார்ப்பதும், மூடுவதுமாக இருந்தார். "பூசையிலைகூட நீங்கள் உவ்வளவு நேரம் முழங்காலிலை நிண்டதில்லை" என்றார் றோஸ்மேரி.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, துவக்கிலிருந்து மரக்கட்டையைக் கழற்றி, தோளில் பொருந்தும் முனையில் ஒரு விரலகலம் சுரண்டிப் பார்த்தார். உள்ளே மரம் தேன் நிறத்தில் கிடந்தது. அந்தச் சந்தோசத்தில் கட்டையை மட்டும் துணியில் சுற்றிக்கொண்டு விட்பிக்குக் கார் எடுத்தார். புனிதவதி பார்க்க வேண்டும் என்று ஆசை.

தேத்தண்ணி வந்தது. அவர் துணியை விரித்தார்.

"இதைப் பாருங்கோ தங்கச்சி, எப்பிடியான மரம். எந்த விசரன் உந்தக் கதவு வார்னிஷைக் கொண்டுவந்து இதிலை பூசினானோ தெரியாது."

புனிதவதி கோப்பையை மேசையில் வைத்தார்.

"நான்தான் அண்ணை."

நீக்கிலாஸ் கட்டையிலிருந்து கையை எடுத்தார்.

"ஏலத்தாலை கொண்டுவரேக்கை விறகுக்கட்டை மாதிரிக் கிடந்தது. அப்ப நாங்கள் ரெண்டு பேரும் கதைபேச்சில்லை. உந்தச் சாமானாலைதான் சண்டை. ஊரிலையிருந்து துவக்குக்குப் பயந்து ஓடிவந்தனாங்கள், காசு குடுத்துத் துவக்கு வாங்கிக்கொண்டு வாறார் எண்டு எனக்கு விசர். பிறகு மனம் கேக்கேல்லை. கதவுக்கு அடிச்ச மிச்சம் கிடந்தது. அவர் வேலைக்குப் போன நேரம் எடுத்துப் பூசினன்." கட்டையின் சுரண்டிய இடத்தையே பார்த்தபடி கேட்டார்: "அவருக்குப் பிடிக்கேல்லையோ? உங்களிட்டை ஏதும் சொன்னவரோ?"

நீக்கிலாஸ் யோசித்தார். காட்டில் எத்தனை தடவை கேட்டிருப்பார், தாடா, நான் உரிச்சுத் தாறன் என்று. தருகிறேன் என்று பத்மநாதன் ஒருநாளும் சொன்னதில்லை. "கிடக்கட்டும்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது. மரத்தின் அருமை தெரியாத ஆள் என்றுதான் நீக்கிலாஸ் இத்தனை வருடமும் எண்ணியிருந்தார். மரம் அறுத்துப் பிழைத்த மனிதனைப் பற்றி.

"பிடிச்சதோ இல்லையோ எனக்குத் தெரியாது" என்றார். "ஆனா அதிலை கை வைக்க ஒருநாளும் என்னை விடேல்லை. நான் எத்தினை தரம் கேட்டனான்."

புனிதவதி தலையை ஆட்டினார். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்கள் உங்கட விருப்பப்படி செய்யுங்கோ. எனக்கொண்டுமில்லை."

நீக்கிலாஸ் எழுந்து வெளியே போனார். அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பியபோது கையில் சின்ன வார்னிஷ் டின் ஒன்றும், மலிவான தூரிகை ஒன்றும் இருந்தன. கதவுக்கு அடிக்கும் அதே சாதி. சாப்பாட்டு மேசையில் பழைய பத்திரிகையை விரித்துக் கட்டையை வைத்தார். தூரிகையைப் புனிதவதியிடம் நீட்டினார்.

"சுரண்டின இடம் மட்டும் போதும்."

புனிதவதி முதலில் மறுத்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தூரிகையை நன்றாகத் தோய்த்து, வழிக்காமலே கொண்டுபோய் மரத்தில் வைத்தார். வார்னிஷ் திரண்டு, மெதுவாக அடிப்பக்கம் நோக்கி ஒரு சொட்டாக இறங்கத் தொடங்கியது.

நீக்கிலாசின் கை தானாகவே துணியை எடுத்துவிட்டது. பாதி வழியில் நின்றது. துணியைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, அந்தக் கையை வெளியே எடுக்காமலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.