நஸீஹா அழித்த நூற்றாறு பேர்

நஸீஹா முல்லைத்தீவில் பிறந்தவள். பதினொரு வயதில் குடும்பத்தோடு புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து, அங்கேயே படித்து, சமாதான காலத்தில் வவுனியா நெளுக்குளத்துக்கு வந்து சேர்ந்தாள். சுனாமிக் கடற்கோளுக்கு அடுத்த வருடம், இருபத்தாறு வயதில், அங்கே சிறிய தொண்டு நிறுவனமொன்றின் கணினி வேலை முழுவதும் அவளுடைய பொறுப்பாக இருந்தது.

முல்லைத்தீவுக் கரையில் காணாமற்போனவர்களின் விவரங்களை இணையத்தளத்தில் ஏற்றுவதே முக்கிய வேலை. வின்சன் என்ற மீனவர் சைக்கிளில் முகாம் முகாமாகப் போய், உறவினரிடம் கேட்டு எழுதிய படிவங்களை வாராவாரம் பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். ஏற்றியானதும் நஸீஹா படிவங்களைக் கிழித்துவிடுவாள். ஊரும் பேரும் எழுதிய தாள்களை வைத்திருப்பது யாருக்கும் நல்லதல்ல என்பது அவளுடைய எண்ணம்.

கரைப்பக்கம் இணைய வசதி கிடையாது. தாங்கள் சொன்னதைத் தாங்களே பார்க்க முடியவில்லையே என்று முகாமில் கேட்கிறார்கள் என வின்சன் ஒருநாள் சொன்னார். தளத்தை உருவாக்கிய றிஸ்வி கொழும்பிலிருந்து தொலைபேசியில் வழி சொன்னான். தளத்தில் பக்கங்கள் என்று தனியாக எதுவும் இல்லை. யாராவது கேட்கும்போதுதான் தரவுகளை எடுத்து ஒரு பக்கத்தை உண்டாக்கிக் காட்டுகிறது. ஒரு மென்பொருளை ஏவிவிட்டால், அது ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டு, வருகிற பக்கத்தையெல்லாம் சாதாரணக் கோப்பாகச் சேமிக்கும். அதை சீடி எனப்படும் இறுவட்டில் பதிந்தால் எந்தக் கணினியிலும் இணையமில்லாமலே பார்க்கலாம்.

காலை பத்து மணிக்கு மென்பொருளை ஓடவிட்டாள். மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தபோது வேலை முடிந்திருந்தது. சேமித்த பக்கங்களைத் திறந்தாள். பெயர், வயது, கடைசியாக உடுத்திருந்த உடுப்பு, எல்லாம் சரியாக இருந்தன. பிறகு ஒரு பக்கம், 'பதிவு நீக்கப்பட்டது' என்றது. அடுத்ததும் அப்படியே. பிரதியில்தான் கோளாறு என்று நினைத்துத் தளத்தையே திறந்தாள்.

மொத்தப் பதிவுகள்: 0.

காலையில் அங்கே நானூற்றுப் பதினெட்டுப் பேர் இருந்தார்கள்.

பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'நீக்கு' என்றோர் இணைப்பு உண்டு. எல்லா இணைப்பையும் தொடச் சொன்ன மென்பொருள் அதையும் தொட்டிருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் பக்கங்கள் அழிவதற்கு முன் சேமிக்கப்பட்டிருந்தன. மற்ற நூற்றாறு பேருக்கு, முதலிலேயே சேமிக்கப்பட்ட பட்டியலில் பெயர் மட்டுமே மிச்சம்.

றிஸ்விக்குத் தொலைபேசியில் சொன்னாள். "நீக்குறதுக்குப் பூட்டுப் போடேல்லை," என்றான் அவன். "ஆர் வந்து அழிக்கப்போகினம் எண்டு நினைச்சிட்டன்." வேறு பிரதியும் அவனிடம் இருக்கவில்லை.

அடுத்த கிழமை வந்த வின்சன் நூற்றாறு பெயர்களையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். எல்லோரிடமும் திரும்பப் போய்க் கேட்பதாகச் சொன்னார். நஸீஹா தானும் வருவதாகச் சொன்னாள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அவள் முல்லைத்தீவுக்குப் போனது இதற்காகத்தான்.

ஒவ்வொரு கொட்டிலிலும் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். சிலர் ஏசினார்கள். ஒரு கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்காம் நாள் மார்கிறட் என்ற பெண்ணிடம் போனார்கள். அவர் தன் ஒன்பது வயது மகன் யூட்டைக் காணவில்லை என்று பதிந்திருந்தவர்.

மார்கிறட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முதல் எழுதினது இப்ப இல்லையோ?" என்றார்.

"இல்லை, அம்மா. என்ர பிழை."

"நல்லது, பிள்ளை. அது பொய்." அவர் குரல் மாறவில்லை. "அவன் காணாமப் போகேல்லை. மூண்டாம் நாள் உடல் எடுத்தது. இந்தக் கையாலதான் மண் போட்டனான். காணேல்லை எண்டு எழுதினால் எங்கையாவது தேடுவினம் எண்டு நினைச்சன்."

நஸீஹா வின்சனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். குழி தோண்டியவர்களில் அவரும் ஒருவர். தெரிந்துகொண்டே, தாய் சொன்னபடி எழுதியிருக்கிறார்.

"இந்தமுறை சரியா எழுதுங்கோ," என்றார் மார்கிறட்.

படிவத்தில் அதற்கு இடமில்லை. நஸீஹா தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் யூட்டின் பெயரையும் எடுத்த நாளையும் புதைத்த இடத்தையும் எழுதினாள்.

நூற்றுமூன்று பேரின் விவரங்கள் திரும்பக் கிடைத்தன. மூன்று குடும்பங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. றிஸ்வி பூட்டுப் போட்டான். அவள் கேட்டபடி, இறந்தவர்களுக்கென்று ஒரு பிரிவும் சேர்த்தான். இறுவட்டுகள் ஆவணியில் வன்னிக்குப் போயின. புதுக்குடியிருப்பு ரியூசன் நிலையமொன்றின் கணினியில் சனம் வரிசையில் நின்று பார்த்தது.

மார்கிறட்டும் போனாராம். மகனின் பக்கத்தைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இதை இனி யாராவது மாற்ற முடியுமா என்று கேட்டாராம். இறுவட்டில் பதிந்ததை மாற்ற முடியாது என்று வின்சன் சொன்னாராம். அடுத்த ஆளுக்கு இடம்விடும் வரைக்கும் மார்கிறட் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாராம்.