மாமாவுக்குப் போட்ட வெள்ளைச் சோறு

என் மாமனாரின் நினைவு தடுமாறுவது வயதினாலா, சாப்பிட்ட அரிசியினாலா? இதற்குள் பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போனதற்குக் காரணம் நான்.

மாமா துறைமுக ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கால் மரத்துப் போகிறது என்று வெகுநாளாகச் சொல்லிவந்தார். சென்ற மழைக்காலத்தில் பசாருக்குக் காய் வாங்கப் போனவருக்கு வீட்டு வழி மறந்துவிட்டது. ரிக்‌ஷாக்காரர் ஒருவர் கொண்டுவந்து விட்டார்.

என் கணவர் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாகக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர். தீட்டிய வெள்ளைச் சயாம் அரிசியால்தான் கால் மரத்துப்போகும் பெரிபெரி நோய் வருகிறது, புழுங்கல் அரிசி சாப்பிட்டால் வராது, அதில் சிலருக்குப் புத்தியும் குழம்புகிறது என்று அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். மாமாவையும் அதில் சேர்த்துக்கொண்டார். ஆறு வாரம் புழுங்கல் அரிசி மட்டும். மாமா சாப்பிடுவதையும், தினமும் மூன்று கேள்விகளுக்கு அவர் சொல்லும் பதிலையும் நான் நோட்டில் எழுத வேண்டும். கான்வென்டில் படித்தவள் என்பதால் என்னை நம்பினார்கள்.

"இன்னிக்கு என்ன கிழமை, மாமா?"

"ஏம்மா, இதக்கூட கான்வென்டுல சொல்லித் தரலையா?"

பதில் தெரியாதபோதெல்லாம் அவர் இப்படித்தான் என்னைக் கேலி செய்வார். நான் 'தெரியவில்லை' என்று எழுதுவேன்.

சோற்றைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. "இது ரப்பர் தோட்டத்துக் கூலிங்க சோறு. வாடை அடிக்குது. நான் என்ன பால்மரம் வெட்ட வந்தவனா?" என்று தட்டைத் தள்ளுவார்.

"கொஞ்சம் சாப்பிடுங்க மாமா."

"நீயே தின்னு."

இரண்டாவது வாரம் முழுவதும் கஞ்சித் தண்ணீர்தான் இறங்கியது. விலா எலும்பு தெரிந்தது. இடுப்பில் அழும் குழந்தையோடு எத்தனை நேரம் கெஞ்சுவேன்? அடுத்த திங்கட்கிழமை மதியம், கணவர் வேலைக்குப் போனபின், சிறு பானையில் சயாம் அரிசி வடித்துப் போட்டேன். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். நோட்டில் 'புழுங்கல்' என்று எழுதினேன். இன்று மட்டும் என்று நினைத்துத்தான் எழுதினேன். மறுநாளும் எழுதினேன். ஆறு வாரம் முடியும்வரை எழுதினேன்.

நோட்டைக் கொடுத்துவிட்டு வந்த கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அப்பாவுக்கு வயசுக் கோளாறுதானாம். அரிசி மாத்தியும் குணம் தெரியலையே. நீ சுத்தமா எழுதியிருக்கன்னு டாக்டர் சொன்னாரு. இனிமே பழைய அரிசியே போடலாம்லா."

பிறகு, இந்த முடிவை வைத்தே வார்டில் இதேபோல் இருக்கும் இரண்டு கிழவர்களுக்கும் புழுங்கலை நிறுத்தப்போகிறார்கள் என்றார். குழந்தைக்குத் துணி மாற்றும் சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

நேற்று மாமா என் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்து, "இது யார் வீட்டுப் புள்ள?" என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரியில் என் கணவரின் வார்த்தைக்கு மதிப்பிருக்காது. சொல்லாவிட்டால், நான் முகம்கூடப் பார்க்காத அந்த இருவரின் தட்டும் மாறிவிடும். மாமாவுக்கு மறுபடி புழுங்கல் போட்டால் பட்டினி கிடப்பார்; போடாவிட்டால், புழுங்கலில் தேறியிருப்பாரோ என்ற எண்ணம் என்னை விடாது.

இதைப் படிக்கும் சகோதரிகளே, என் நிலையில் நீங்கள் இருந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள், கணவரிடமா, டாக்டரிடமா? வேண்டாமென்று தள்ளும் முதியவரை எப்படிச் சாப்பிட வைப்பீர்கள்? தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.