நான் விட்ட படகுகள்

பி.எட். முடித்து இரண்டு வருடம் ஆகியும் நான் ஒரு வகுப்பறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. என் ஆசையை நானே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குட்டையாக்கியிருந்தேன். முதலில் கணக்கு டீச்சர். பிறகு நாலு பிள்ளைகளுக்கு டியூஷன். கடைசியில், யாரோடும் பேசாமல் டைப் அடிக்கிற வேலை கிடைத்தால் போதும் என்று விண்ணப்பம்கூட நிரப்பி வைத்தேன். மனம் சோர்ந்த நாட்களில் தலை வாரவும் தோன்றாது.

கடலுக்கு அக்கரையில், லம்பா லைனில் ஒரு பள்ளியில் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டக் கூப்பிட்டார்கள். எங்கள் ஊரான பாம்பூஃப்ளாட்டில் படகு ஏறும் ஜெட்டி வரை போனேன். படகில் எல்லாம் தெரிந்த முகங்கள். எங்கே, எதற்கு என்று எங்கள் தீவின் பொதுமொழியான இந்தியில் கேட்பார்கள். இன்று சொன்னால், வேலை கிடைக்காதபோது அதையும் சொல்ல வேண்டும். அடுத்ததில் போகலாம் என்று மூன்று படகை விட்டேன். நேரம் தாண்டிவிட்டது. வீட்டுக்குத் திரும்பி, “போட் பந்த்மா, கடல் சரியில்ல” என்றேன்.

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் அடுப்படி ஜன்னலில் படகு போவதும் வருவதும் தெரியும். அதைப் பார்த்துத்தான் அவள் தினமும் உலை வைக்கிறாள். அவளிடமே இந்தப் பொய்! ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சரி, சாப்பிடு” என்றாள். திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அந்தச் ‘சரி’தான் தாங்கவில்லை.

மூன்று நாள் கழித்து நானே பள்ளிக்குப் போன் செய்தேன். பேச வேண்டியதை எழுதி வைத்துப் படித்தேன், அப்படியும் திக்கியது. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

அன்று முதல் படகிலேயே ஏறினேன். பக்கத்து வீட்டு வங்காளி அக்கா கேட்பதற்குள், டீச்சர் வேலை கேட்டுப் போகிறேன் என்று நானே இந்தியில் சொல்லிவிட்டேன். “அச்சா!” என்றவள், கீரைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள். அவ்வளவுதான். இதற்கா மூன்று படகை விட்டேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

வகுப்பில் முதல் கணக்கே தப்பாகப் போனது. ஒரு சிறுமி சுட்டிக்காட்டினாள். அழித்துத் திருத்தினேன். பயம் போகவில்லை, பயத்தோடேயே மணியடிக்கும்வரை நடத்தினேன். முடிவைப் பிறகு சொல்வார்களாம். இல்லையென்றால் அடுத்த பள்ளி. டைப் வேலை விண்ணப்பத்தைப் பையிலிருந்து எடுத்துக் கிழித்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள், “இன்னிக்கு போட் ஓடுச்சா?”

“ஓடுச்சும்மா” என்றேன். “அன்னிக்கும் ஓடுச்சு.”