பூட்டிய வீட்டின் மெயின் சுவிட்ச்

கல்முனை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுபவர். நாற்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த கழுத்து. மைக்கைச் சோதிப்பவர் போல, கைபேசியை நகத்தால் தட்டிக்கொண்டே இருந்தார்.

கசெட்டுப் பாட்டுகளையெல்லாம் வீட்டுக் கணினியில் ஏற்றி வைத்திருந்தார். கைபேசியில் அத்தனையும் அடங்காது. அடுத்த கிழமை வேலைக்குக் கட்டார் போகிறவர், அங்கிருந்து கைபேசி வழியாக வீட்டுக் கணினியில் உள்ளவற்றைக் கேட்க வேண்டும். வீட்டு வைஃபையில் பாடுவது வெளியே டேட்டாவில் பாடவில்லை.

கைபேசியை வாங்கி முகவரி, கடவுச்சொல், வெளியிலிருந்து நுழையும் வழி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிழை எதுவும் தெரியவில்லை. திருப்பிக் கொடுத்ததும் மறுபடி தட்டத் தொடங்கினார்.

"வீட்டில கொம்பியூட்டர் ஓடுதுதானே, அண்ணன்?"

"எப்பிடி ஓடும்? வீட்டப் பூட்டக்குள்ள மெயின் சுவிட்ச நிப்பாட்டிப்போட்டுத்தானே வந்தன்."

"அப்ப பாட்டு எங்கயிருந்து வரும்?"

"ஆளில்லாத வீட்டில கரண்ட விட்டுட்டு வரவா, தங்கச்சி? வீடு எரிஞ்சா பாட்டும் சேந்துதானே எரியும்?"

"கட்டாருக்குப் போகக்குள்ளயும் நிப்பாட்டுவீங்களா?"

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தன் ஊரான குருக்கள்மடத்தில் இறங்கிப் போனார்.

அந்த ஊரைக் கடக்கும்போதெல்லாம் பூட்டிய வீடுகளைத் தேடுகிறேன். உள்ளே சுவிட்ச் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது வெளியே யாருக்கும் தெரிவதில்லை.