எடைமேடையில் இன்னொரு ஆள்

மார்ச் 9: எடை 70.4 கிலோ. முகமூடி 6 மணி 55 நிமிடம். மூச்சு நின்றது மணிக்கு 2.
மார்ச் 30: எடை 71.9. முகமூடி 7 மணி 10 நிமிடம். மூச்சு நின்றது மணிக்கு 2.
ஏப்ரல் 10: எடை 74.6. முகமூடி 7 மணி. மூச்சு நின்றது மணிக்கு 1.
ஏப்ரல் 11, 12, 13: மருத்துவமனை.

லாரி எடைமேடையில் முப்பத்து நான்கு வருஷம் ரசீது எழுதி ஓய்வு பெற்றவரின் நோட்டில் இருப்பவை இவை. லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கிராம்’. டன் கணக்கில் எடை போடும் இடத்தில் கிராம் பார்க்கிற மனிதர் என்ற கேலி. பாரம் ஏற்றிய லாரி மேடைக்கு வந்தால், எழுந்து போய் அதை ஒரு சுற்று சுற்றி வந்த பிறகுதான் பேனாவைத் திறப்பார். சக்கரத்தின் மறைவில் கிளீனர் பதுங்கி நின்று தன் எடையையும் சேர்த்துக் காட்டும் தந்திரத்தை எத்தனையோ தடவை பிடித்திருக்கிறார். பத்து வருஷம் ஒன்றாக டீ குடித்த டிரைவர் ஒருவரையே அதற்காக வாசலோடு நிறுத்திவிட்டார்.

அவருடைய இதயம் பாதி பலத்துக்கும் கீழே போன பிறகு, தூக்கத்தில் மூச்சு மணிக்கு முப்பத்து நான்கு தடவை நிற்பதைச் சோதனையில் கண்டார்கள். மூச்சு நிற்க நிற்க இதயம் இன்னும் களைத்துப் போகும். அதனால், முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் கருவி ஒன்றைத் தூக்க மருத்துவப் பிரிவு இரவலாகக் கொடுத்தது.

“நாலு மணி நேரமாவது போடணும் ஐயா. குறைஞ்சா, காத்திருக்கிற வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம். எல்லாம் உள்ளே பதிவாகிடும்,” என்றார் நர்ஸ்.

“பதிவைப் பத்தி இவர்கிட்டயா சொல்றீங்க?” என்று அவர் மனைவி சிரித்தாள். “கல்யாணத்தன்னிக்கு என்னையே எடை பார்த்துத்தான் கூட்டிட்டு வந்தாரு.”

தினமும் காலையில் முகமூடியைக் கழற்றி, திரையில் தெரியும் எண்களை அப்படியே நோட்டில் ஏற்றுவார். எண்களில் ஒரு குறையும் இல்லை. கால்தான் வீங்கிக்கொண்டே போனது. இதய மருத்துவர் நோட்டைப் புரட்டி, “மூச்சுப் பக்கம் கவலையே இல்லை. கோளாறு வேற எங்கேயோ,” என்று மாத்திரையைக் கூட்டினார். ஏப்ரல் பதினொன்றில் நுரையீரலில் நீர் கோத்து, மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்த வார்டில் இரவுத் துணைக்கு அனுமதி இல்லை. மனைவி வீட்டில் இருந்தாள், கருவியும் வீட்டில்தான் இருந்தது.

பதினான்காம் தேதி பகலில் வீடு திரும்பியவர், முதல் வேலையாகக் கட்டிலில் உட்கார்ந்து கருவியைத் திறந்தார். மூன்று நாளுக்கும் எதுவும் இருக்காது என்று தெரிந்தும், பார்க்காமல் எழுதி அவருக்குப் பழக்கமில்லை.

திரை காட்டியது: 6 மணி 50. 7 மணி 5. 6 மணி 40.

“இங்க கொஞ்சம் வா.”

அவள் ஈரக் கையோடு வந்தாள்.

“நான் ஆஸ்பத்திரியில கிடந்தேன். இதை யார் போட்டது?”

அவள் திரையைப் பார்த்தாள். “ஒரு கட்டம் காலியா இருந்தாலும் உங்களுக்குப் பிடிக்காதே. அவங்களும் கருவியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களோன்னு...”

“இந்த மூணு நாள் மட்டுமா?”

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

“கேக்கிறேன்ல?”

“கருவி வந்த மூணாம் நாள்லேர்ந்து. கண்ணசந்து ஒரு மணி நேரத்துல நீங்களே பிடுங்கிப் போட்டுடறீங்க. திரும்பப் போட வந்தா கையைத் தட்டி விடறீங்க. நான் மாட்டிக்கிட்டுப் படுத்துக்குவேன். நீங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள உங்க மூஞ்சிக்கு மாத்திடுவேன்.”

“அப்போ மணிக்கு ரெண்டுங்கிறது?”

“என் மூச்சுதான்.”

“உன் மூச்சைப் பார்த்து எனக்கு வைத்தியம் நடந்திருக்கு!”

“நீங்க நல்லா இருக்கணும்னுதானே செஞ்சேன்?”

“மேடையில ஏறி நின்னவன் எல்லாம் முதலாளி நல்லா இருக்கணும்னுதான் நின்னேன்னு சொன்னான்.”

ஊரார் லாரியையெல்லாம் சுற்றி வந்தவர், தன் கட்டிலை ஒரு தடவைகூடச் சுற்றி வரவில்லை. முப்பத்தேழு வரிகளைச் சிவப்பு மையால் அடித்து, ‘இவை என் எண்கள் அல்ல’ என்று ஓரத்தில் எழுதினார். மறுநாள் தூக்க மருத்துவப் பிரிவுக்குக் கடிதம் எழுதினார்.

“என்னையும் எழுதிட்டீங்களா?”

“நடந்ததை எழுதினேன்.”

“நாப்பது வருஷம் கூட இருந்தவளைக் காட்டிக் கொடுத்துட்டீங்க.”

அவர் உறையை ஒட்டினார்.

பத்து நாளைய உண்மை எண்களையும் கருவியின் பதிவு அட்டையையும் அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. எழுதினார்: 1 மணி 10 நிமிடம், மூச்சு நின்றது மணிக்கு 29. அடுத்த நாளும் ஏறக்குறைய அதே. முகமூடி இருக்கும்போதே மூச்சு நின்றது. அந்த நாட்களில் அவள் கொடுத்த மாத்திரைகளையும் உள்ளங்கையில் பரப்பி எண்ணிவிட்டுத்தான் விழுங்கினார்.

“விஷமா வெச்சுடப் போறேன்?” என்று மாத்திரை டப்பாவையே அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு அவள் எடுத்துக் கொடுக்கவே இல்லை.

அடுத்த கடிதம் வந்ததும் நின்றுகொண்டே படித்தார். அவருக்குத் தொண்டை அடைத்து மூச்சு நிற்கவில்லையாம். மூச்சு விடச் சொல்ல மூளைதான் மறந்துபோகிறதாம். இந்தக் கருவி பொருந்தவில்லை, திருப்பித் தந்துவிட்டு வேறு சிகிச்சைக்கு வரவும். ‘சரியான எண்கள் மார்ச்சிலேயே கிடைத்திருந்தால் அப்போதே மாற்றியிருப்போம்.’

“என்ன எழுதியிருக்காங்க?” என்று வாசற்படியிலிருந்து கேட்டாள்.

அவர் கடிதத்தை அவளிடம் நீட்டினார். மெல்ல உதடசைத்துப் படித்துக்கொண்டு வந்தவள், மார்ச் என்ற இடத்தில் நின்றாள். மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அவர் நோட்டைத் திறந்து எழுதினார்.

மே 9: கடிதம் வந்தது. கருவியைத் திருப்பித் தர வேண்டும்.