பெனடிக்டாவின் பிரசவமும் கூன்வண்டுச் சாக்கும்

என் ஓர்ப்படி ஸ்கொலாஸ்டிகாவை ஊர்ல அவசரக்காரின்னு சொல்றாங்க. சொல்றவங்க வாயில மண்ணு விழ. அன்னிக்கு அவளோட சேர்ந்து களை வாரினவ நான்.

செபிக் ஆத்துக்கும் ஏரிக்கும் நடுவுல எங்க ஊர். அப்ப ஏரியை மிதக்கும் களை ஒன்னு மூடி ஒரு வருசமாயிருந்துச்சு. தோணி ஒரு முழம் நகராது. மீனைக் குடுத்துச் சோத்துக்குப் பனைமாவு வாங்குற சந்தை அக்கரையில. பசியைக்கூடப் பொறுத்துக்கலாம். ஸ்கொலாஸ்டிகாவோட மக பெனடிக்டா வாக்கப்பட்டதும் அக்கரையிலதான். அவ முழுகாம இருக்கான்னு முரசு அடிச்சுச் சேதி வந்ததுலேர்ந்து, பிரசவத்துக்குப் போய்ச் சேரணுமேன்னு இவளுக்கு ஒரே தவிப்பு.

அப்பதான் ஆத்து வழியா வந்த ஆபீசர் ஒரு சாக்கைக் குடுத்தாரு. உள்ளே களை, அதுல அரிசியைவிடச் சின்னதாக் கறுப்புக் கூன்வண்டு.

"ஏரி ஓரமா விடுங்க. தின்னு தின்னு களையை முழுக வச்சிரும். களை மேல நீங்க கை வைக்காதீங்க."

"பனைப்புழுன்னா வறுத்துத் திங்கலாம். இதை எந்தச் சட்டியில வறுக்குறது, ஐயா?"ன்னா ஸ்கொலாஸ்டிகா. அவரே சிரிச்சுட்டாரு.

ஆறு மாசத்துல ஏரியில பாதி தூரம் பழுப்பா, கொழகொழன்னு ஆயிடுச்சு. அப்ப ஒரு காலையில அக்கரையிலேர்ந்து முரசு கேட்டுச்சு. முரசுல கூப்பிட எங்களுக்கு ஆளுக்கு ஒரு தனி அடி உண்டு. அடிச்சது ஸ்கொலாஸ்டிகாவோட அடி. மகளுக்கு வலி கண்டிருச்சு.

"அக்கா, ஆபீசர் கை வைக்காதேன்னாரே?"ன்னேன்.

"போடி. பனைப்புழு உளுத்த மரத்துலயேவா குந்தியிருக்கும்? இதுங்களும் தின்னு முடிச்சுப் பச்சைக்குப் போயிருக்கும்."

எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு. அவ தோணியில முன்னால வெட்டிக்கிட்டே போனா. காத்து திரும்ப மூடிடக் கூடாதேன்னு, பின்னால நாங்க நாலு பேர் அவ வெட்டினதையெல்லாம் கரைக்கு இழுத்து வெயில்ல குவிச்சோம். வண்டெல்லாம் அதுக்குள்ளதான் இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும், பாவிங்களுக்கு!

பழுப்பு முடிஞ்சு பச்சை வந்ததும் அவ தோணி மாட்டிக்கிச்சு. துடுப்பு இறங்கல. காத்து மாறி ரெண்டு பக்கத்துக் களையையும் கொண்டாந்து அவளுக்கும் எங்களுக்கும் நடுவுல அடைச்சிருச்சு. அவளால முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் வர முடியல. கால் வச்சா உள்ளே இழுக்கும். நாள் பூரா முரசு அவளையே கூப்பிட்டுச்சு. அவ துடுப்பால தோணியைத் தட்டித் தட்டிப் பதில் குடுத்தா. எங்களுக்கே சரியாக் கேக்கல, அக்கரைக்கு எங்கே கேக்கும்? பொழுது சாயும்போது முரசு நின்னுடுச்சு. மறுநாள் கயிறு வீசித்தான் அவளை இழுத்தோம்.

குவியல் காஞ்சு வண்டெல்லாம் செத்துப்போச்சு. ஆபீசர் வேற சாக்கு கொண்டுவந்து, அது பெருகி, தண்ணி தெரிய இன்னும் ஒரு வருசம் ஆச்சு.

முதல் தோணியில நானும் அவளும்தான் போனோம். பெனடிக்டா தனியா நின்னா. குழந்தை அன்னிக்கே போயிருச்சாம். அம்மாவை உக்காருன்னுகூடச் சொல்லல.

"நாள் பூரா உன்னை அடிச்சுக் கூப்பிட்டோமே. கேக்கலையாம்மா?"

காத்து, களைன்னு சொல்ல எவ்வளவோ இருந்துச்சு.

"கேட்டுச்சுடி"ன்னு மட்டும் சொன்னா ஸ்கொலாஸ்டிகா.