நாலாவது சொட்டு

"ஒண்ணு... ரெண்டு..." என்று அத்தான் எண்ணிக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டில் யாரும் தும்மக்கூடாது. இடது கையில் விரல் நீளக் கண்ணாடிக் குழாய், அதில் பாதி அளவுக்கு மீன்தொட்டித் தண்ணீர். வலது கையில் சொட்டு மருந்துப் புட்டி. முதல் சொட்டு விழுந்ததும் தண்ணீர் ஆரஞ்சு நிறமாகும். ஒரு குலுக்கு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பார்வை, அடுத்த சொட்டு. ஆரஞ்சு எத்தனையாவது சொட்டில் பச்சையாகிறது என்பதுதான் சோதனை. சீக்கிரம் மாறினால் மென்மையான தண்ணீர், அவர் வளர்க்கும் மீனுக்குச் சொர்க்கம். தாமதமானால் சுண்ணாம்பு ஏறிய தண்ணீர், ஆகாது. "நாலு!" என்று தேர்தல் முடிவு மாதிரி அறிவிப்பார். சமையலறையிலிருந்து அக்கா "சரி" என்பாள். இந்த ஊர்க் குழாய் பதினோரு வருடமாக நாலைத் தவிர வேறு பதில் சொன்னதில்லை. அவரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

நான் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் மச்சினன். ஞாயிறு மதியச் சாப்பாடு எனக்கு அங்கேதான். தின்ற வீட்டைப் பற்றி எழுதுகிறானே என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

அத்தானுக்குத் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் அனுப்பும் தாடை அச்சுகள் பின்னறை அலமாரியில் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு இருக்கும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு சீட்டு. மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் சேர்த்துக் கடிக்கவைத்துப் பார்த்து, அரத்தால் ஒரு தேய், மறுபடி ஒரு கடி. "ஒத்துக்கணும்ல? ஒத்துக்கலன்னா சாப்பாடே தண்டனை" என்பார். ஊரில் பாதிப் பேர் அவர் கொடுத்த பல்லால் சிரிக்கிறார்கள். சொந்தப் பல் முப்பத்திரண்டும் இருக்கிற அவர் மட்டும் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒத்துப்போவதைப் பற்றி இத்தனை பேசுகிறவர் யாரோடு ஒத்துப்போகிறார் என்று கேட்காதீர்கள். மாடி வீட்டு வக்கீலோடு பேச்சில்லை. கூடப்பிறந்த தம்பியோடு பேச்சில்லை. மூன்று டாக்டர்களோடு சீட்டில் எழுதி அனுப்புகிற உறவு மட்டும் உண்டு.

எல்லாப் பேச்சும் மீனோடுதான். நாலடித் தொட்டி, கூடத்தில் நல்ல சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதனால் ஃபிரிட்ஜ் படுக்கையறைக்குப் போய்விட்டது. டிவி பீரோவின் மேல் ஏறிவிட்டது. தொட்டிக்குள் செடிகள் ஒரு தோட்டம். பின்னால் நாடா மாதிரி நீள்பவை, நடுவில் கட்டையைப் பிடித்து வளரும் பெரணி, முன்னால் புல். விருந்தாளி யாரும் அதற்கு முதுகைக் காட்டி உட்கார முடியாது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் "வாங்க" என்பார்.

அந்தத் தோட்டத்துக்கு ஒரு ஜோடி குள்ள சிக்லிட் மீன் வேண்டும் என்று போன வருடம் ஆசை வந்தது. சிக்லிட் வம்சத்தில் பெரியவை அடிதடிக்காரர்கள். குள்ளமானவை சுண்டுவிரல் நீளம்தான், ஆனால் வம்சகுணம் எங்கே போகும்? ஏற்கெனவே தொட்டியில் இருக்கிற இருபது பொடி நியான் டெட்ரா மீனுக்கும், தரையைக் கிளறிக்கொண்டு திரியும் மீசைக்காரக் கோரிகளுக்கும் ஒத்துப்போகிற சிக்லிட் எது? இதற்கென்று ஒரு நீள நோட்டு போட்டார். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பக்கம்.

அவர் கையெழுத்திலேயே தருகிறேன். "நீல ராம்: அழகு உண்டு, ஆயுள் இல்லை. சூடான தண்ணீர் கேட்கும், நியானுக்கு அது காய்ச்சல். வேண்டாம்." "க்ரிப்: முட்டை போடும்வரை பரம சாது. போட்ட பிறகு தொட்டி முழுக்க அவர்கள் பட்டா. வேண்டாம்." "கொண்டை அபிஸ்டோ: ஒரு ஆண், இரண்டு பெண், ஆளுக்கொரு குகை. கோரி முட்டையைத் தின்னும், கண்காணிக்கவும். பரிசீலிக்கலாம்." பரிசீலனை ஆறு மாதம் நடந்தது. என் அக்காவைப் பெண் கேட்டு வந்தபோது மனிதர் கால் மணி நேரத்தில் சம்மதம் சொன்னவர் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மீன்கடைக்காரர் இவரைத் தெருமுனையில் கண்டாலே ஷட்டரை அரைவாசி இறக்குவார். இவர் குனிந்து உள்ளே போவார்.

"சார், எனக்குக் கல்யாணம் பேசி முடிச்சதே அரை மணி நேரத்துல" என்றார் கடைக்காரர் ஒருநாள்.

"அதான் ராத்திரி பத்து மணி வரைக்கும் கடையிலயே கெடக்குறீங்க" என்றார் அத்தான்.

நானும் ஒருமுறை வாயைக் கொடுத்துப் பார்த்தேன். "அத்தான், எனக்கு ஒரு நாலு நியான் குடுங்களேன். நானும் வளக்குறேன்."

"நீயா? குக்கரை அடுப்புல வெச்சுட்டு சினிமாவுக்குப் போன ஆளு நீ" என்று சொல்லி நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'மீன் கொடுக்கத் தகுதி இல்லாதவர்கள்' என்று தலைப்பு. ஒன்று, மச்சினன். இரண்டு, மாடி வீட்டு வக்கீல். மூன்று, தம்பி. முதலிடம் கிடைத்ததில் எனக்கு ஒரு சின்னப் பெருமைதான்.

கடைசியில் அபிஸ்டோ வந்தது. ஒரு ஆண், இரண்டு பெண். "ரெண்டும் பொண்ணுதான் சார், நான் கேரண்டி" என்றார் கடைக்காரர். இவரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ஆமோதித்தார். இரண்டு மாதம் கழித்து, இரண்டு பெண்களில் ஒருத்திக்கு முதுகில் கொண்டை முளைத்தது. அபிஸ்டோவில் சில இளம் ஆண்கள், பெரிய ஆணிடம் அடி வாங்காமல் இருக்கப் பெண்ணைப் போலவே சிறுத்து, நிறம் மங்கி நடமாடுமாம். இந்த விவரம் அவர் நோட்டின் முப்பத்தெட்டாம் பக்கத்தில் சிவப்பு மையில் அடிக்கோட்டோடு இருந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்றேன். அன்றைக்கு எனக்கு அப்பளம் வரவில்லை.

பிறகு ஒரே அமளி. உண்மையான பெண், தேங்காய்ச் சிரட்டைக்குள் முட்டையிட்டு, மேனியெல்லாம் மஞ்சளாகி, கட்டின புருஷனையே கிட்டே விடாமல் விரட்டினாள். விரட்டப்பட்ட ஆத்திரத்தை அவன் மற்றவன்மேல் காட்டினான். இருவர் துடுப்பும் கந்தல். அத்தான் நோட்டைப் பார்த்துச் செடி சேர்த்தார், விளக்கைக் குறைத்தார், தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தார். ஒன்றும் பலிக்கவில்லை. அக்கா நர்ஸ். அன்று டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்தவள், ஐந்து நிமிடம் நின்று பார்த்தாள். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கை வரை தொட்டிக்குள் கையை விட்டாள். நடுவில் அழகுக்குப் படுத்திருந்த வேர்க்கட்டையைத் தூக்கி, இரண்டு ஆண்களுக்கும் குறுக்கே சுவர் மாதிரி நிறுத்தினாள்.

"ஏய், ஏய்! லேஅவுட் போச்சு!" என்று அத்தான் அலறினார்.

"வார்டுல ரெண்டு பேஷண்ட் சண்ட போட்டா நடுவுல ஸ்க்ரீன் இழுத்து விடுவோம். மூஞ்சி தெரியலன்னா சண்டை கெடயாது" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் முதல் தொட்டியில் அமைதி. நோட்டில் இப்படி எழுதியிருந்தார்: "வேர்க்கட்டையை இடம் மாற்றியதில் நல்ல பலன்." மாற்றிய கை யாருடையது என்று எழுத இடம் போதவில்லை போலிருக்கிறது.

இப்படி இருக்கும்போதுதான் அக்காவுக்குப் பதவி உயர்வு வந்தது. தலைமை நர்ஸ். ஆறு மணி நேர ரயில் தூரத்தில் வேறு ஊர், மூன்று வருடம், குடியிருக்க வீடும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். இருபத்திரண்டு வருட வேலையில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான். அத்தான் ரசத்தைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"அங்க தண்ணி எப்படி?"

அக்கா கரண்டியைக் குழம்புக்குள்ளேயே விட்டுவிட்டு எழுந்து போனாள். பின்னாலேயே போனேன். "நீ அங்க எப்படி இருப்பேன்னு கேக்கல பாரு. தண்ணி எப்படியாம்" என்றாள். பிறகு, "வந்தா வரட்டும், வராட்டி விடட்டும். நான் கெஞ்சப்போறதில்லடா" என்று பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே தேய்த்த பாத்திரம்.

அவர் போகாமலிருக்கக் காரணமே கிடையாது. மகள் விடுதியில் படிக்கிறாள். தொழிலைப் பெட்டியில் போட்டு எடுத்துப்போகலாம். வாய் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது? ஆனால் மூன்று வாரம் மனிதர் எல்லாவற்றையும் பேசினார், அதைத் தவிர. நானே ஒருநாள் நேராகக் கேட்டேன்.

"அத்தான், அக்காவோட போறீங்களா, இல்லையா?"

"ஒத்துக்காத தண்ணில கொண்டுபோய் விட்டா பாவம் இல்லையா? வாயில்லா ஜீவன்டா" என்றார் தொட்டியைப் பார்த்தபடி. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நாலடிக் கண்ணாடியில் என் செருப்பை எறிந்திருப்பேன். வாயுள்ள ஜீவன் ஒன்று உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தது.

போன சனிக்கிழமை அக்கா புது ஊருக்குப் போய் வீட்டைப் பார்த்துவிட்டு, ஞாயிறு காலை திரும்பினாள். பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து, சொட்டு மருந்துப் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். "இந்தாங்க. அந்த ஊர்க் குழாய்த் தண்ணி" என்றாள். சமையலறைக்குப் போனாள். அங்கிருந்து பாத்திரச் சத்தமோ குழாய்ச் சத்தமோ வரவில்லை.

அத்தான் கண்ணாடிக் குழாயில் அந்தத் தண்ணீரை ஊற்றிச் சொட்டு விட ஆரம்பித்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டு எண்ணவில்லை. நான் எண்ணினேன். நாலாவது சொட்டு, ஆரஞ்சு. எட்டு, ஆரஞ்சு. பன்னிரண்டாவதுக்கு ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார், சுத்தமான ஆரஞ்சு. அப்புறம் தூக்கிப் பார்க்கவும் இல்லை. பத்தொன்பதாவது சொட்டில் பச்சையானது. என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன். மஞ்சள்காரி சிரட்டை வாசலில் நின்று, பொடிப்பொடியான குஞ்சுகளை மேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அவள் வழக்கமாகக் கேட்பதில்லை.

அத்தான் பச்சைத் தண்ணீரை ஜன்னலோரப் பூந்தொட்டியில் கவிழ்த்தார்.

"நாலு" என்றார். அறிவிப்பாக இல்லை, சாதாரணமாகத்தான். "நம்ம தண்ணி மாதிரியேதான் இருக்கு. ஒத்துக்கும்."

நாலு சொட்டுக்கு இவ்வளவு நேரம் ஆகாது என்பது அவளுக்குத் தெரியாதா? வார்டில் குளுக்கோஸ் பாட்டிலுக்குக் கீழே நின்று சொட்டு எண்ணியே வேலை பார்த்தவள். பிறகு "சரி" என்றாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் மூடவே இல்லை.

அத்தான் கண்ணாடிக் குழாயை இரண்டு தடவை அலசித் துடைத்துப் பெட்டியில் வைத்தார். நோட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார், தொட்டிக்கு முதுகைக் காட்டி.

"உன் வீட்டுக்கும் இதே குழாய்த் தண்ணிதானே?" என்றார் மெதுவாக.

"ஆமா அத்தான்."

கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து, முதல் வரியில் இருந்த 'மச்சினன்' என்ற சொல்லின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.